வருகைதரு பேராசிரியருக்கு நாள் முழுக்க என்ன வேலை?

13 நவம்பர் 2024, இரவு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாரத்துக்கு நாலைந்து வகுப்பு எடுக்கத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கிருந்து ஆளைக் கூப்பிடுகின்றன. மீதி நேரமெல்லாம் ஊர் சுற்றிப் பார்ப்பதுதானே? அங்கே தமிழ் இலக்கியத்தை யார் படிக்கிறார்கள், எதற்குப் படிக்கிறார்கள்?"

இரண்டாவது கேள்வி பெரியது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதல் கேள்விக்கு, நேற்றைய செவ்வாய்க்கிழமையை மட்டும் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் தெற்காசியத் துறைக்கு இந்தக் குளிர்காலப் பருவத்துக்காக வந்திருக்கிறேன். அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கி பிப்ரவரியில் முடியும்.

காலை 8.15க்கு முதல் வகுப்பு. அட்டவணையில் 8 என்றுதான் போட்டிருக்கும். பக்கத்தில் 'சி.டி.' என்று இரண்டு எழுத்து இருந்தால் கால் மணி கழித்துத் தொடக்கம் என்று பொருள். இது இந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களின் பழைய வழக்கம். இது தமிழ் எழுத்து கற்கும் முதலாண்டு வகுப்பு. கொம்பும் காலும் எழுத்தின் எந்தப் பக்கம் நிற்கும் என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. 'கொ' எழுதும்போது கொம்பை முன்னால் போட்டு, எழுத்தை எழுதி, காலைப் பின்னால் போடுகிறோம். உச்சரிப்பிலோ ஒகாரம் மெய்க்குப் பின்னால் வருகிறது. நமக்கு இது கண்ணிலேயே படாது. புதிதாகப் படிப்பவர் பேனாவை எடுத்ததும் இங்கேதான் நிற்கிறார்.

10.15க்குச் சங்கப் பாட்டு வாசிப்பு. 90 நிமிடத்தில் ஒரே பாட்டு, குறுந்தொகை 25. ஐந்தே அடி. நேரம் போதவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

மதியம் மாணவர் உணவகத்தில் தட்டோடு உட்கார்ந்தபடியே வீட்டுக்கு ஒரு அழைப்பு. குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். இங்கே மாலை ஆனால் அங்கே தூங்கிவிடுவார்கள், அதனால் பேசினால் மதியம்தான். ஒரு மணியிலிருந்து இரண்டு வரை மாணவர் சந்திப்பு நேரம். பெயர் எழுதி வைத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஒருவருக்குக் கட்டுரைத் தலைப்பு வேண்டும், இன்னொருவருக்குப் பரிந்துரைக் கடிதம். மூன்றாமவர் வகுப்பில் கேட்கத் தயங்கிய சந்தேகத்தோடு வந்தார். நல்ல கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றாமவரிடமிருந்துதான் வருகின்றன.

2.15க்கு நவீனச் சிறுகதை. 4.15க்குத் துறை ஆய்வரங்கம். சமஸ்கிருதக் கல்வெட்டு பற்றி ஒரு முனைவர் பட்ட மாணவர் பேசினார், எல்லாரும் உட்கார்ந்து கேட்க வேண்டும், கேள்வியும் கேட்க வேண்டும். அரங்கத்துக்குள் நுழைந்தபோது இருந்த வெளிச்சம் வெளியே வரும்போது இல்லை. 6.15க்குப் பொதுமக்களுக்கான மாலைச் சொற்பொழிவு, நேற்று அது என் முறை. முடிந்த பிறகு துறையினர் சொற்பொழிவாளரை உணவகத்துக்குக் கூட்டிப் போவது வழக்கம். அங்கேயும் பேச்சு பாட்டைப் பற்றித்தான். அறைக்குத் திரும்பப் பத்து மணி ஆகிவிட்டது. அப்புறம் புதன்கிழமை வகுப்புக்கான தாள்கள்.

ஊர் சுற்றவில்லை என்று சொல்லமாட்டேன். ஞாயிறுகளில் நடக்கிறேன். கடைகள் மூடியிருக்கும், ஆற்றங்கரை திறந்திருக்கிறது.

14 நவம்பர் 2024

"அப்படியும் வகுப்பு மூன்றுதானே" என்று அதே வாசகர் எழுதியிருக்கிறார். கணக்கைச் சரியாகவே சொல்லிவிடுகிறேன். இங்கே நிரந்தரப் பேராசிரியர்களின் கற்பித்தல் கடமை பொதுவாக வாரத்துக்கு 8 அல்லது 9 மணி. அதில் ஒரு மணி என்பது 45 நிமிடம். காகிதத்தில் பார்த்தால் குறைவுதான்.

ஆனால் ஐந்து அடிப் பாட்டு ஒன்றுக்கு என்னென்ன மேசைக்கு வருகிறது என்று பாருங்கள். உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பும் உரையும் முதலில். சுவடிகளின் பாட வேறுபாடுகளுக்கு ஏவா வில்டனின் ஆய்வுப் பதிப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருப்பதால் மாணவர்களும் திறந்து பார்த்துக்கொள்கிறார்கள். சொல் பிரித்த பாடம் ஒரு தாள், பிரிக்காத பாடம் ஒரு தாள். பிறகு பாட்டில் வரும் பறவை. 'குருகு' என்றால் கொக்கா நாரையா என்று கேட்பார்கள், கேட்டார்கள். 'ஆரல்' மீன் எப்படி இருக்கும், எவ்வளவு நீளம், சேற்றில் இருக்குமா ஓடும் நீரில் இருக்குமா? தினைத் தாளின் தடிமன் என்ன? நம் ஊர் வகுப்பில் இதை யாரும் கேட்டதில்லை. தெரிந்ததாக எல்லாரும் தலையாட்டுவோம். நானும் மாணவனாக இருந்தபோது தினைத் தாளைப் பார்த்தவன் இல்லை.

வருகைதரு பேராசிரியருக்கு இதுதான் பெரிய வேலை என்று எனக்குப் படுகிறது. நம் ஊரில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் பொதுவாக இருக்கும் ஆயிரம் விஷயங்கள் இங்கே இல்லை. தோழி என்றால் யார், அலர் என்ற ஊர்ப்பேச்சுக்கு ஏன் பயம், வரைவு என்ற திருமணம் ஏன் தள்ளிப் போகிறது, எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வைக்க வேண்டும். அதேசமயம் பாட்டுக்கும் நேரம் மிஞ்ச வேண்டும்.

17 நவம்பர் 2024, ஞாயிறு

குறுந்தொகை 25 பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

கபிலர் பாட்டு. தலைவனோடு கூடியபோது அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் ஒருவன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு, தினைத் தாள் போன்ற சிறிய பசுங்காலோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகும் அங்கே இருந்தது என்று முடிக்கிறாள். திருமணம் தள்ளிப் போனபோது தலைவி தோழியிடம் சொல்லியது என்பது பாட்டின் கீழ் உள்ள குறிப்பு.

நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் எல்லாருக்கும் தெரியும். குருகு இருந்தும் பயனில்லை. அதன் கண் மீன் மேல், அது சாட்சி சொல்லாது. நானும் அதைச் சொல்லத்தான் போனேன். அதற்குள் ஒரு மாணவர் கை தூக்கினார். அவருக்கு இரண்டாவது பாடம் சட்டம். அவர் கேட்டது இது: "இவள் யாரிடம் பேசுகிறாள்?" தோழியிடம் என்றேன். "அப்படியானால் இந்த நிமிடம் வரை சாட்சி இல்லை. இதைச் சொல்லி முடித்ததும் தோழி சாட்சி ஆகிவிடுகிறாள். நடந்ததைப் பார்க்காத சாட்சிதான், ஆனாலும் கேட்டவள். யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இவள் ஒரு ஆளை உண்டாக்குகிறாள்."

வகுப்பே ஒரு நிமிடம் பாட்டை மறுபடி பார்த்தது. நானும் பார்த்தேன். இத்தனை வருடம் இந்தப் பாட்டைக் கையறு நிலையாக மட்டுமே நடத்தியிருக்கிறேன். அவர் சொன்னபிறகு அதில் ஒரு காரியம் தெரிகிறது. தலைவி புலம்பவில்லை, தன் வழக்குக்கு வேண்டியதைச் செய்கிறாள். அகப் பாட்டில் தோழிதான் பின்னால் எல்லாவற்றையும் நடத்தப் போகிறவள். தலைவனிடம் வரைவு கேட்பவளும் அவளே, செவிலியிடம் காதலை எடுத்துச் சொல்லி அறத்தொடு நிற்பவளும் அவளே. ஆகவே இந்தப் பேச்சு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. சட்ட மாணவர் கேட்டதற்கு அகத்திணை மரபிலேயே பதில் இருக்கிறது.

இன்னொன்று. இந்தப் பாட்டின் வாக்கிய அமைப்பு இவர்களுக்குப் பழகியதாகவே இருக்கிறது. 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகு' என்று அடைகளையெல்லாம் முன்னால் அடுக்கிவிட்டுப் பெயரைக் கடைசியில் வைக்கிறோம் இல்லையா, எழுத்து ஜெர்மனிலும் அப்படி அடுக்க முடியும். துணை வாக்கியத்தில் வினையும் கடைசியில்தான் வரும். வாக்கியம் முடியும்வரை பொறுமையாக இருக்க அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

18 நவம்பர் 2024

வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள் என்பது உண்மையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மை. கைதட்டலுக்குப் பதில் அதுதான். பத்துப் பேர் தட்டினாலே மழை பிடித்தமாதிரி சத்தம் வரும். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. சொற்பொழிவு சுமார் என்றால் தட்டலும் சுமாராகத்தான் இருக்கும். அந்த வித்தியாசம் காதுக்கு நன்றாகவே பிடிபடுகிறது.

வருகைப் பதிவு பற்றியும் கேட்டார். இங்கே பல பாடங்களுக்கு வருகை கட்டாயம் இல்லை. வராதவரைக் கேட்கவும் முடியாது. அதனால் அறைக்குள் உட்கார்ந்திருப்பவர் வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார் என்ற தைரியம் ஆசிரியருக்குக் கிடைக்கிறது.

24 நவம்பர் 2024

சரி, யார் படிக்கிறார்கள் என்ற பெரிய கேள்வி.

என் வகுப்பில் இரண்டு வகையினர். ஒரு பாதி இந்தியவியல் மாணவர்கள். சமஸ்கிருதம் கொஞ்சம் படித்துவிட்டு, இந்தியாவின் இன்னொரு செவ்வியல் மொழி எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தவர்கள். மொழியியல், மதவியல், ஒருவர் சட்டம். இன்னொரு பாதி ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகள். 1980களிலும் அதற்குப் பிறகும் போரிலிருந்து தப்பி வந்து ஜெர்மனியில் குடியேறியவர்களின் மகன்களும் மகள்களும். பிறந்தது இங்கே, பள்ளி இங்கே. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குச் சிலர் போயிருக்கிறார்கள், சிலர் பாதியில் நின்றுவிட்டார்கள்.

முதல் வாரம் இந்த இரண்டாம் வகையினருக்கு எல்லாம் எளிது, முதல் வகையினருக்கு எல்லாம் கடினம் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். நடப்பது வேறு. ஜெர்மன் மாணவி ஒருவர் பெயரெச்சம், வினையெச்சம் என்று பிரித்துக் குறித்துக்கொண்டு போவார், ஆனால் கடையில் ஒரு வாக்கியம் பேச வராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் என்னிடம் சொன்னார்: "சேர், அம்மா கதைக்கிறது எல்லாம் எனக்கு விளங்கும். இது ஒண்டும் விளங்கேல்லை. எனக்குத் தமிழ் தெரியாதா அப்ப?"

கேட்கும்போது அவர் முகத்தில் இருந்த கலக்கத்தை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. சந்திப்பு நேரத்துக்கு வரச் சொன்னேன். நம் ஊரில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்தவர்களுக்கும் உரை இல்லாமல் குறுந்தொகை விளங்காது என்று சொன்னேன். இரண்டாயிரம் ஆண்டு தூரம் எல்லாருக்கும் ஒரே தூரம்தான். அதோடு, 'கதைக்கிறது', 'விளங்குது', 'ஆறுதலாச் செய்' என்று அவர் வீட்டில் புழங்கும் பேச்சு குறைந்த தமிழ் இல்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. யாரோ எங்கேயோ அதைக் குறைவு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை முதலில் எடுத்துப் போட வேண்டும். இலக்கணம் அப்புறம் வரட்டும்.

இப்போது வகுப்பில் இந்த இரண்டு வகையினரையும் சோடி சேர்த்து உட்கார வைக்கிறேன். ஒருவர் சொல்லைப் பிரிப்பார், மற்றவர் அதைச் சத்தமாக வாசிப்பார். வாசிப்பில் யாழ்ப்பாணத்து வாய் வந்துவிட்டால் பாட்டுக்கு உயிர் வந்துவிடுகிறது.

27 நவம்பர் 2024, இரவு

நேற்றைய வகுப்பை அப்படியே எழுதி வைக்கிறேன்.

புறநானூறு 112, பாரி மகளிர் பாட்டு. தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த பிறகு பாடியது. இதுவும் ஐந்து அடி. முழுதாகக் கரும்பலகையில் எழுதினேன்:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

பின்னணி எதுவும் சொல்லவில்லை. பாரி யார், பறம்பு எங்கே, மூவேந்தர் ஏன் முற்றுகையிட்டார்கள், ஒன்றும் இல்லை. இரண்டு நிலவு, நடுவில் எதுவோ நடந்திருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று வட்டம் போடுங்கள் என்றேன்.

முதலில் அற்றை, இற்றை. பிறகு அவ், இவ். பிறகு உடையேம், இலம். அதோடு நின்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு மாணவர் எழுந்து வந்து பலகையில் அம்புக்குறி போட்டார். முதல் நிலவில் தந்தை முன்னால், குன்று பின்னால். இரண்டாம் நிலவில் குன்று முன்னால் போகிறது, தந்தை கடைசிக்கு வருகிறார். பாட்டு 'இல்லை' என்பதில் முடிகிறது. அவருக்குத் தமிழ் எழுத்து தெரிந்தது இந்த அக்டோபரில்தான்.

அப்புறம்தான் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும், போன வாரம் சந்திப்பு நேரத்துக்கு வந்த அந்தப் பெண் கேட்டார்: "சேர், வேந்தர் எண்டு மட்டும் இருக்கு, பேர் இல்லை. ஆனா 'வென்று எறி முரசு' எண்டு பெருமையாச் சொல்லுறா. தகப்பனைச் சாக்கொண்டவையை ஏன் பெருமையாச் சொல்லுறா?"

அவரே யோசிக்கட்டும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எங்கட அம்மாவும் 'வெண்ட ஆக்கள்' (வென்றவர்கள்) எண்டு சொல்லுறவ. பேர் சொல்லமாட்டா. அது பெருமை இல்லை."

புறநானூற்றின் பழைய உரை இந்த இடத்தில் சொல்வதும் அதுதான். மூவேந்தரும் ஒருவன்மேல் திரண்டு வந்தும் போரில் வெல்ல முடியாமல் வஞ்சித்துக் கொன்றார்கள், ஆகவே 'வென்று எறி முரசின் வேந்தர்' என்றது இகழ்ச்சிக் குறிப்பு. உரையாசிரியர் இலக்கணத்தால் சொன்னதை இந்தப் பெண் தன் அம்மாவின் குரலால் கண்டுபிடித்தார். உரைப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். படம் எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு அனுப்பப் போகிறாராம்.

29 நவம்பர் 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். உலகின் மூத்த மொழி என்று தொடங்காமல், பின்னணியே சொல்லாமல் பாட்டைப் பலகையில் போட்டால் தமிழின் பெருமை எப்படித் தெரியும் என்கிறார்.

இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. பெருமையில் தொடங்கினால் வகுப்பு அங்கேயே முடிந்துவிடும். "எவ்வளவு மூத்தது, ஆதாரம் என்ன, எதோடு ஒப்பிட்டு?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கத்தான் அவர்களுக்குப் பயிற்சி. அந்த விவாதத்தில் ஒரு மணி நேரம் போகும், பாட்டு வெளியே நிற்கும். பாட்டைக் கையில் கொடுத்துவிட்டால் அரை மணி நேரத்தில் அவர்களாகவே "இது எப்போது எழுதப்பட்டது?" என்று கேட்கிறார்கள். அப்போது சொல்லும் காலம் காதில் ஏறுகிறது.

காலத்தையும் ஆதாரத்தோடுதான் சொல்ல வேண்டும். ஜம்பைக் கல்வெட்டின் படத்தைத் திரையில் போடுகிறேன். தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று இருக்கிறது. ஔவையார் பாடிய அதே அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர். அசோகர் கல்வெட்டுகளில் சேர, சோழ, பாண்டியரோடு வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நீண்ட நாள் கேள்விக்கும் அதில் விடை. அடுத்து புகளூர்க் கல்வெட்டு, பெருங்கடுங்கோ, இளங்கடுங்கோ என்ற சேரர் பெயர்கள். பாட்டில் படித்த பெயரைக் கல்லில் பார்க்கும்போது எழுத்து வகுப்பு மாணவர்கள் தாங்களே கூட்டிக் கூட்டிப் படிக்க முயல்கிறார்கள். இதைவிட என்ன பெருமை வேண்டும்?

இந்த நாட்டுக்கும் தமிழுக்கும் பழைய உறவு உண்டு என்பதையும் சொல்கிறேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு மதம் பரப்ப வந்தவர்தான், ஆனாலும் மணலில் எழுதித் தமிழ் கற்று, ஓலைச்சுவடிகளைச் சேகரித்துப் பட்டியலும் போட்டார். 19ஆம் நூற்றாண்டில் கார்ல் கிரவுல் குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் பெயர்த்தார். ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைகள் இன்றும் இருக்கின்றன. பல மாணவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

4 டிசம்பர் 2024

நவீனச் சிறுகதை வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டார்கள். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' எடுத்தோம். வேலை கேட்டு சினிமா ஸ்டுடியோவுக்கு வரும் ஒருவன் அங்கேயே புலியாக மாறிக் காட்டுகிறான். ஸ்டுடியோவிலோ கொடுக்க வேலை இல்லை.

மாணவர்கள் முதலில் பேசியது புலி வேஷத்தைப் பற்றி இல்லை, அந்த அலுவலகத்தைப் பற்றி. ஆள் வரும் நேரத்தில் அங்கே இருப்பவர்களுக்கும் பெரிதாக வேலை இல்லை, அவர்களுக்குச் சம்பளம் எப்படி, இவனுக்கு ஏன் இல்லை? அரை மணி நேரம் இதே பேச்சு. பிறகு ஒரு மாணவி, புலியாக இருக்கும்போது மட்டும் அவன் யாரிடமும் கெஞ்சவில்லை என்று சொன்னார். கதையைத் திறக்கும் சாவி அதுதான் என்று நினைக்கிறேன். நானே சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

இங்கே கருத்தரங்க வகுப்பில் மாணவர்தான் முதலில் பேசுவார். வாரம் ஒருவர் கட்டுரை வாசித்து விவாதத்தைத் தொடங்க வேண்டும். 90 நிமிடமும் ஆசிரியரே பேசிப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்வது கடினமான வேலை. நாளின் களைப்பில் பாதி அதனால்தான் வருகிறது. பேசினால் இவ்வளவு களைப்பு வராது. கேட்கும்போது எங்கே ஒரு கேள்வியைப் போட வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு நிமிடமும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

5 டிசம்பர் 2024

மதிப்பெண் பற்றிச் சின்னக் குறிப்பு. இங்கே 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சி, 5.0 தோல்வி. நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர் தலைகீழ். தாளில் எண்ணைப் போடும் முன் ஒவ்வொரு தடவையும் நின்று யோசித்துத்தான் போடுகிறேன். பருவம் முடிந்த பிறகு வரும் நீண்ட கட்டுரைக்குத்தான் மதிப்பெண், வகுப்புத் தேர்வுக்கு இல்லை. பிப்ரவரிக்குப் பிறகும் வேலை இருக்கிறது என்று முதல் வாசகருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

11 டிசம்பர் 2024

வேறொரு நாட்டுக்கு வருகைதரு ஆசிரியராகப் போகவிருக்கும் ஒருவர், என்ன கொண்டு போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

புத்தகம் சுமக்காதீர்கள். அங்கே நூலகத்தில் என்ன இருக்கிறது என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். ஐரோப்பிய நூலகங்கள் சிலவற்றில் நம் மாவட்டத் தலைநகரத்தில் கிடைக்காத பழைய பதிப்புகள் இருக்கின்றன, ஆனால் எடுப்பார் இல்லாமல் சேமிப்புக் கிடங்கில் இருக்கும், வரவழைக்க நாளாகும். மூலப் பாடத்துக்கு இணையத்தில் உள்ள மதுரைத் திட்ட மின்பதிப்பு போதும், மாணவர்களும் அதைத்தான் திறக்கிறார்கள். குடியேறியதும் முகவரிப் பதிவு, காப்பீடு, வங்கி என்று முதல் வாரங்கள் போய்விடும். ஜெர்மனியில் வீடு புகுந்து இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். எல்லாம் தபாலில் கடிதமாக வரும், ஒன்றையும் பிரிக்காமல் விடாதீர்கள். முதல் மாதத்துக்கான வகுப்புத் தாள்களை ஊரிலிருந்தே முடித்துக்கொண்டு போங்கள்.

கற்பிப்பதில் ஒன்றே ஒன்று: குறைவாக எடுங்கள். பருவத்துக்கு நாற்பது பாட்டு என்று திட்டம் போட்டுப் போனால் நாற்பதும் சுருக்கமாகப் போய்விடும். பத்துப் பாட்டைச் சொல் சொல்லாக எடுத்தால் பதினொன்றாவதை அவர்களே படிப்பார்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. பல இடங்களில் தமிழ் வகுப்பு, வருகிற ஆளையும் அவருக்கான நிதியையும் நம்பித்தான் நடக்கிறது. ஆள் போனால் வகுப்பு நிற்கும். இரண்டாம் பருவம் படிக்க வேண்டிய மாணவர் அப்படியே நின்றுவிடுவார். தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டும் ஆர்வம் நம்மவரிடம் நிறைய இருக்கிறது, நல்லது. ஆனால் பெரிய பெயருள்ள ஒரு இருக்கையைவிட, ஆண்டுதோறும் தொடர்ந்து வரும் ஒரு மொழியாசிரியர் பதவி இந்த மாணவர்களுக்கு அவசரமாகத் தேவை. இதைக் கேட்க வேண்டியவர்கள் இதைப் படிக்கிறார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

17 டிசம்பர் 2024

இன்று கட்டுரைத் தலைப்புகளைக் கொடுத்தார்கள். சட்ட மாணவர் 'அகப்பாட்டில் சாட்சி' என்று எழுதியிருக்கிறார். எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அந்தப் பெண்ணிடமிருந்து வந்தது. பாரி மகளிர் பாட்டை எடுப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் எடுத்தது தோழியை. "தோழிதான் எல்லா இடத்திலையும் கதைக்கிறா, ஆனா அவவுக்கெண்டு ஒரு கதை இல்லை. ஏன்?" என்று கேட்டார். தொல்காப்பியத்தில் தோழி கூற்றுக்கு எத்தனை இடம் இருக்கிறது என்று முதலில் பட்டியல் போடச் சொல்லியிருக்கிறேன்.

விடுமுறை முடிந்து ஜனவரி 7இல் மீண்டும் வகுப்பு. பருவம் முடியும்வரை நீண்ட பாட்டு ஒன்றைச் சேர்ந்து படிக்கலாம் என்று மாணவர்களே கேட்டார்கள். முல்லைப்பாட்டு எடுக்கலாம் என்றிருக்கிறேன். பத்துப்பாட்டில் சிறியது அதுதான், 103 அடி, வாரத்துக்கு 20 அடி வைத்தால் முடித்துவிடலாம். பாசறைப் பகுதியில் வரும் யவனர்களுக்கும், நேரம் பார்த்துச் சொல்லும் அந்த நாழிகைக் கணக்கருக்கும் தனியாக ஒரு வகுப்பு வேண்டியிருக்கும். நச்சினார்க்கினியர் உரை கையில் இருக்கிறது. வேறு நல்ல பதிப்பு தெரிந்தவர்கள் எழுதுங்கள், நூலகத்தில் சொல்லி விடுமுறைக்குள் வரவழைக்கப் பார்க்கிறேன்.